எறும்புக்காகவா கோலம்?

மார்கழி பிறந்துவிட்டால் கைப்பேசிக்கும் ஒரு பருவம் பிறந்துவிடுகிறது. "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று தொடங்கும் அந்தச் செய்தி முதலில் குடும்பக் குழுவில் வரும். பிறகு அலுவலகக் குழுவில் வரும். பிறகு பள்ளித் தோழர்கள் குழுவில், அதே எழுத்துப் பிழைகளோடு, வந்து சேரும். கோலம் போடுவது ஏன்? எறும்புக்கும் குருவிக்கும் உணவு. விடியற்காலையில் போடுவது ஏன்? அப்போதுதான் ஓசோன் காற்று கீழே இறங்குகிறது. குனிந்து போடுவது ஏன்? இடுப்புக்குப் பயிற்சி, கர்ப்பப்பைக்கு வலு. சாணம்? கிருமிநாசினி. மாவிலைத் தோரணம்? ஆக்சிஜன். மருதாணி? உடல் சூடு தணியும். தலையில் பூ? மன அழுத்தம் குறையும். முடிவில் கைகூப்பும் படம் ஒன்று, "பெருமையுடன் பகிர்வோம்" என்று ஒரு கட்டளை.

கைப்பேசியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். பட்டிமன்ற மேடையில் இதற்குக் கைத்தட்டல் விழுகிறது. தொலைக்காட்சிப் பொங்கல் நிகழ்ச்சியில் பட்டுச்சேலை கட்டிய தொகுப்பாளினி இதையே ஒப்பிக்கிறார். பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பெண் இதை மனப்பாடம் செய்து பேசிப் பரிசு வாங்குகிறாள். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு அழகான காரியத்துக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் ஒளிந்திருக்கிறது என்பது இன்று படித்த தமிழரின் பொது நம்பிக்கை ஆகிவிட்டது.

கோலத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குச் சொல்லப்படும் சாக்கைத்தான் மறுக்கிறேன். தமிழ் வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாசலில் உட்கார்ந்தும் குனிந்தும் கோலம் போட்டதில் பக்திக்குப் பங்கு உண்டு, வழக்கத்துக்கும் மாமியாருக்கும் பங்கு உண்டு. ஆனால் இன்ன கோலத்தை இன்ன விதமாகப் போட வேண்டும் என்று ஒருத்தி மெனக்கெட்டதற்கு ஒரே காரணம், அது பார்க்க நன்றாக இருந்தது என்பதுதான். இவ்வளவு எளிய காரணத்தைச் சொல்ல நமக்கு ஏன் வாய் கூசுகிறது?

முதலில் அந்தக் 'காரணங்களை'ப் பார்த்துவிடுவோம். ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி மாதம் என்பதற்காக அது மயிலாப்பூர் மாடவீதிக்கு இறங்கி வருவதில்லை. தரைமட்டத்தில் ஓசோன் உண்டு, உண்மை. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள வாயுக்கள் வெயில் பட்டு வினைபுரியும்போது உருவாகிற மாசு அது. மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தி எடுக்கும். வெயில் தேவைப்படுவதால் அது மதியத்துக்குமேல்தான் உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் குறைவு. ஆக, அதிகாலையில் எழுந்தால் ஓசோன் கிடைக்கும் என்பது இரட்டைத் தவறு: அந்த நேரத்தில் அது கிடைக்காது, கிடைத்தாலும் நல்லதல்ல.

சாணத்தைக் கிருமிநாசினி என்பது இன்னும் ஆபத்தான பேச்சு. மாட்டுக் குடலிலிருந்து வருவதில் கிருமி இல்லாமல் இருக்குமா? டெட்டனஸ் என்னும் ரணஜன்னியை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் கால்நடைச் சாணத்தில் இருக்கக்கூடியவை. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் பூசும் வழக்கத்தால் எத்தனையோ சிசுக்கள் இறந்திருக்கின்றன. பூசாதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சுகாதார ஊழியர்கள் ஓய்ந்துபோன ஊர் இது. மாவிலைக்கு வருவோம். வாசற்படிக்குமேல் நூலில் தொங்கும் பத்துப் பதினைந்து இலைகள் ஒரு வீட்டின் காற்றை மாற்றிவிடாது. தொட்டியில் ஒரு செடி வைத்தால் அதைவிட அதிகம் நடக்கும். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

இடுப்புப் பயிற்சிக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கிரைண்டரும் மிக்ஸியும் வராத காலத்தில் கிணற்றில் நீர் இறைத்து, குடம் குடமாகச் சுமந்து, உரலில் குத்தி, ஆட்டுக்கல்லில் அரைத்து, அம்மியில் மசாலா இழுத்து, விறகடுப்பின் முன் குந்தியிருந்து ஊதி, கூட்டுக் குடும்பத்தின் துணியைத் துவைத்துப் பிழிந்து போட்ட பெண்ணைப் பார்த்து, "பாவம், இவளுக்கு உடற்பயிற்சி போதவில்லை, ஒரு கோலத்தையும் போடச் சொல்வோம்" என்று ஒரு முன்னோர் யோசித்தாராம். திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போட்டபடி யோசித்திருப்பார்.

எறும்புக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. கோல மாவு அரிசி மாவாக இருந்த வீடுகளில் எறும்பும் அணிலும் வந்து தின்றன. "நாலு ஜீவன் தின்னட்டும்" என்று பாட்டிகளே சொன்னதுண்டு. விஜயா நாகராஜன் கோலம் பற்றி 2018-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலுக்கு, ஆயிரம் உயிர்களுக்குச் சோறிடுவது என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். இதை நான் மறுக்கவில்லை. போட்ட கோலம் வீணாகாமல் ஒரு வாய்க்குப் போகட்டும் என்ற கருணை அது. ஆனால் கருணை வேறு, காரணம் வேறு. எறும்புக்குச் சோறிடுவதுதான் நோக்கம் என்றால் சுவரோரம் ஒரு பிடி நொய் தூவினால் வேலை முடிந்தது. நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியும் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும்படி மொத்தம் 169 புள்ளிகளை எறும்புக்காக யாரும் வைக்க மாட்டார்கள். எறும்பு எண்ணிப் பார்க்காது.

இன்னொன்று. பெருவாரியான வீடுகளில் இன்று கோலம் போடுவது வெள்ளைக்கல்லைப் பொடித்த மாவில். தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் "கோலமாவேய்..." என்று விற்றுக்கொண்டு வருவது அதுதான். கல்லை எறும்பு தின்னாது. கோலம் நின்றுவிட்டதா? இல்லை. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை கோலம் கிடையாது. பல வீடுகளில் திதி நாளன்றும் வாசல் வெறிச்சென்றுதான் இருக்கும். அன்றைக்கு எறும்புக்குப் பசிக்காதா? மார்கழியில் வாசலை அடைத்துக்கொண்டு பெரிய கோலம் போடுகிறார்களே, அந்த மாதத்தில் மட்டும் எறும்புக்குக் கூடுதல் பசியா? கோலம் போடுகிற நாளும் போடாத நாளும், சின்னதாகப் போடுகிற நாளும் தெருவை அடைக்கிற நாளும் மனிதர்களுக்காக வகுக்கப்பட்டவை. இந்த வீட்டில் இன்று என்ன என்பதைத் தெருவில் போகிறவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அது.

சரி, கோலம் எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் குனிந்து பார்ப்போம். மண் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்தால் புழுதி அடங்கித் தரை கரும்பச்சையாக இறுகும். வெள்ளை இழை அதன்மேல் விழுந்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். சாணத்துக்கு நான் தேடிக் கண்டுபிடிக்க முடிகிற மிக நல்ல காரணம் இதுதான்: வெள்ளைக்குப் பின்புலம். தெளித்த கையோடு போட்டால் மாவு ஈரத்தில் கரைந்து இழை பரவிவிடும். முழுக்கக் காயவிட்டால் காற்றில் பறக்கும். ஈரம் உள்ளே இறங்கி, மேலே மினுமினுப்பு போன அந்தச் சில நிமிடங்களே கோலத்துக்கு உரிய நேரம். அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மாவை ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தி விட வேண்டும். கை போகிற வேகமும் மாவு விழுகிற வேகமும் ஒத்துப்போனால்தான் இழை ஒரே தடிமனில் வரும். வளைவில் கை தானாக மெதுவாகிவிடும்; அங்கே மாவைக் குறைக்காவிட்டால் வளைவு குண்டாகிவிடும். அரிசி மாவு நைசாக இருந்தால் விரலில் கட்டிக்கொள்ளும். கல்மாவு கொரகொரப்பு, சரசரவென்று இறங்கும். அதனால் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிமெண்ட் தரையிலும் பூஜை அறையிலும் போடும் இழைக்கோலம் முற்றிலும் வேறு கைவேலை. ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் துணித்துண்டை நனைத்து உள்ளங்கையில் இடுக்கி, மோதிர விரல் வழியே மாவு ஒழுகும்படி பிழிந்துகொண்டே போக வேண்டும். போடும்போது கோலம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காயக் காயத்தான் வெண்மை ஏறும். பிறகு ஓரத்தில் செங்காவி. அந்தக் காவிக் கரை இல்லாமல் வெள்ளை எடுபடாது என்று எந்த ஓவியக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

சிக்குக் கோலத்தின் சட்டங்கள் இன்னும் கடுமை. கம்பி புள்ளியைச் சுற்றிப் போக வேண்டும், புள்ளிமேல் ஏறக் கூடாது. எந்தப் புள்ளியும் வெளியே அநாதையாக நிற்கக் கூடாது. போன பாதையிலேயே திரும்பிப் போகக் கூடாது. தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். எல்லாக் கோலமும் ஒரே கம்பியில் முடிந்துவிடாது. முடிந்தால் அதற்குத் தனி மரியாதை. இந்தச் சட்டங்களில் ஒன்றுகூட எறும்புக்கோ இடுப்புக்கோ கர்ப்பப்பைக்கோ பயன்படாது. இவற்றை வகுத்தவர்கள் ஒரு விளையாட்டை வகுத்தார்கள். சட்டம் இறுகினால்தான் விளையாட்டு சுவைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"அதனால்தானே சொல்கிறோம், கோலத்தில் கணிதம் இருக்கிறது!" என்று இங்கே ஒரு குரல் எழும். இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இலேயே கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சிறு கோலத்திலிருந்து அதே குடும்பத்தின் பெரிய கோலத்தை விதி பிசகாமல் எப்படி வளர்ப்பது என்பதை, கணினி அறிவியலில் வடிவங்களை உருவாக்கும் இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டினார்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் சொன்னது கோலம் கணிதத்துக்கு ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்தது என்பதே. கணிதம் இருப்பதால் கோலத்துக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. வாட்ஸ்அப் இதைத் தலைகீழாக்கி, "பாட்டிகள் கணித மேதைகள்" என்று சான்றிதழ் எழுதுகிறது. பாட்டிக்கு எதற்கு இந்தச் சான்றிதழ்? அவள் கோலக்காரியாக இருந்தால் போதாதா?

என் அத்தை ஒருத்தியின் கோல நோட்டு வீட்டில் இருக்கிறது. எப்போதோ யாரோ தந்த பழைய டைரி. தேதி போட்ட பக்கங்களில் பென்சிலால் புள்ளி, நீல மசியால் கம்பி. தவறிப்போன இடங்களில் ரப்பர் தேய்த்துக் காகிதம் மெலிந்து, பின்பக்கத்துத் தாமரை இந்தப் பக்கம் தெரிகிறது. ஓரங்களில் குறிப்புகள்: "எதிர்வீட்டு மாமி போட்டது, கிளி மூக்கு சரியில்லை, மாற்றணும்." "தைக்கு இது. காவி அடிச்சா எடுக்கும்." "நேர்ப்புள்ளி 15-1, மூலை காலியாத் தெரியுது." ஒரு கோலத்தின்மேல் பெருக்கல் குறி போட்டு அடித்திருக்கிறது, காரணம் எழுதவில்லை, பார்த்தாலே தெரிகிறது, நடுவில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நோட்டு முழுக்கப் புரட்டினாலும் எறும்பு இல்லை, ஓசோன் இல்லை, பிராணவாயு இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கலைஞரின் தீர்ப்புகள். அடுத்தவர் வேலையைப் பார்த்துத் திருடியிருக்கிறாள், திருத்தியிருக்கிறாள், தன் வேலையைத் தானே நிராகரித்திருக்கிறாள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நோட்டு இல்லாத தெருவே இருக்காது. இவற்றில் ஒன்றையாவது ஏதாவது நூலகத்தில் அட்டை போட்டு வைத்திருக்கிறோமா என்று கேட்டால் நான் சண்டைக்கு இழுப்பதாகச் சொல்வார்கள்.

வாசலை விட்டு உள்ளே வந்தாலும் கதை இதேதான். தலையில் பூ வைப்பது நறுமணத்தால் மனம் அமைதியாகும் என்பதற்காகவாம். கனகாம்பரத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அதற்கு மணமே கிடையாது. மணமில்லாத ஒரு பூவைச் செடி செடியாக வளர்த்து, பக்குவமாகப் பறித்து, மல்லிகைக்கு நடுவே இத்தனைக்கு இத்தனை என்று இடம்விட்டுக் கதம்பமாகக் கட்டினார்கள் என்றால், கறுத்த கூந்தலில் வெள்ளைக்குப் பக்கத்தில் அந்த ஆரஞ்சு நிறம் நிற்கிற அழகுக்காக. பச்சைக்கு மருவும் மரிக்கொழுந்தும். மருதாணி குளிர்ச்சியாகவே இருக்கட்டும்; வைத்துக்கொண்ட பெண்கள் மறுநாள் காலையில் உடல் வெப்பத்தையா அளந்து பார்த்தார்கள்? யாருடைய கை அதிகம் சிவந்திருக்கிறது என்று வரிசையாக நீட்டி வைத்துச் சண்டை போட்டார்கள். பிளாஸ்டிக் வயர் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோரும் இல்லை, சாத்திரமும் இல்லை, வேதியியல் ஆலையிலிருந்து வந்த வயர். கடைக்குப் போய்வர ஒரு பை இருந்தாலே போதும். ஆனாலும் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் வைத்து, ஊதாவுக்கு மஞ்சளா வெள்ளையா என்று கடையில் நின்று யோசித்து, மதியத் தூக்கத்தை விட்டுப் பின்னினார்கள். வயர் கூடைக்கு அறிவியல் காரணம் சொல்லும் செய்தி இதுவரை எனக்கு வரவில்லை. அதை மட்டும் எப்படி விட்டுவைத்தார்களோ.

இனி இந்த வாதத்தின் உள்ளே இருக்கும் முள்ளுக்கு வருகிறேன். "முன்னோர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள்" என்ற வாக்கியத்தில் யார் இந்த முன்னோர்கள்? படத்தைப் பாருங்கள்: தாடி வைத்த ரிஷி, அல்லது ஓலைச்சுவடியோடு ஒரு சித்தர். அவருக்கு ஓசோன் தெரியும், கிருமி தெரியும், எல்லாம் தெரியும். தெரிந்ததை நேரே சொல்லாமல் சடங்குக்குள் ஒளித்துவைத்தார். வாசலில் குனிந்திருக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சொன்னதைச் செய்கிறவள். ஆக, கோலம் போட்டது அவள், புத்தி அவருடையது! ஆயிரக்கணக்கான வடிவங்களை உண்டாக்கி, மாற்றி, கைமாற்றி வளர்த்த பெண்களிடமிருந்து அந்தப் பெருமையைப் பிடுங்கி, இல்லாத ஒரு ஆணிடம் கொடுக்கிற வேலையைத்தான் நாம் பெருமையுடன் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வெளியே, ஆண்கள் செய்த கலைக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் புறாக்களும் கிளிகளும் குடியிருக்கின்றன. பறவைகளுக்குக் கூடு வேண்டுமென்றா ராஜராஜன் 1010-இல் அதைக் கட்டி முடித்தான்? டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடியை மணிக்கணக்கில் வாசித்தது நுரையீரலுக்கு நல்லது என்பதற்காகவா? அங்கெல்லாம் கலை என்றால் கலைதான், வேறு விளக்கம் கேட்டால் ரசனை கெட்டவன் என்பார்கள். வாசற்படியில் ஒரு பெண் செய்தால் மட்டும், அது எதற்காவது உதவுகிறதா என்று பார்த்தபிறகே உள்ளே விடுவோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் நம் வீட்டு வழக்கங்களை மூடநம்பிக்கை என்றார்கள். பிறகு 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் வீட்டுக்கு வீடு, "இது ஏன்? இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டது. புரோகிதத்தையும் சாதியையும் நோக்கிக் கேட்டவரை அது மிக நியாயமான கேள்வி. பதில் சொல்ல வந்த ஆத்திகர்கள்தான் வழுக்கினார்கள். "எல்லாவற்றுக்கும் பயன் இருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறோம், எங்கள் வழக்கங்களுக்கும் பயன் உண்டு" என்று எதிராளியின் தராசிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு தரப்பும் ஒரே வழக்குமன்றத்தில் வாதாடுகின்றன. ஒருவர் பயனில்லை என்பார், மற்றவர் பயனுண்டு என்பார். அழகைச் சாட்சிக் கூண்டில்கூட ஏற்றவில்லை.

"போகட்டுமே, பொய்யோ மெய்யோ, இதைக் கேட்டு நாலு பிள்ளைகள் கோலம் போட்டால் நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். போட மாட்டார்கள். உடற்பயிற்சிதான் காரணம் என்றால் ஜிம் இருக்கிறது, கோலத்தைவிட நன்றாகவே வேலை செய்யும். கிருமிதான் காரணம் என்றால் பினாயில் மலிவு. பயனைச் சொல்லி விற்கிற எதுவும், அதே பயனை இன்னும் சுலபமாகத் தருகிற ஒன்று கடைக்கு வந்ததும் மூலையில் கிடக்கும். அதைவிட மோசம், பத்தாம் வகுப்பில் ஓசோன் பாடம் படிக்கிற பிள்ளை, வீட்டில் சொன்னது புளுகு என்று கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த பிள்ளை புளுகை மட்டுமா தூக்கி எறியும்? கோலத்தையும் சேர்த்து எறியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கண்டனம் வரும், அது கனமானது. "அழகு அழகு என்று நீங்கள் உருகுவது வீட்டு வேலையின்மேல் போர்த்துகிற பட்டுத்துணி. விடியற்காலை நாலரைக்கு அவளை எழுப்பியது அழகுணர்ச்சியா, மாமியாரா? மாதவிலக்கென்றால் தொடாதே, கணவன் இறந்தால் போடாதே என்ற விதியெல்லாம் அழகா?" இதில் ஒரு சொல்லையும் நான் தள்ளமாட்டேன். கோலம் போடாததற்காக ஏச்சு வாங்கிய மருமகள்கள் கோடிப் பேர். யார் போடலாம், யார் போடக் கூடாது என்ற கணக்கில் ஈரமே இல்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருக்குவதும் நீர் சுமப்பதும் சாணம் கரைப்பதும் அவள் தலையில் விழுந்த வேலை. எந்தக் கோலம் என்பதை மட்டும் அவளே முடிவுசெய்தாள். சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆயிரம் பேர் தலையிட்ட வீட்டிலும், மூலையில் கிளி வைக்கலாமா தாமரை வைக்கலாமா என்று கேட்க அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை. அடிமைத்தனத்தைக் கண்டிக்கும் வேகத்தில் அந்த ஒரே சுதந்திரத்தையும் இல்லை என்று சொல்லிவிட்டால், அவளை முழு அடிமையாக்குவது நாம்தான். வேலை அவளைக் குறைத்தது என்பது உண்மை. அதன் நடுவிலும் அவள் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தாள் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை பரிதாபப்படுகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி எல்லோரும் புலம்பிவிட்டார்கள். நான் அதைச் சாட்சிக்கு அழைக்கிறேன். அடுக்குமாடி வீட்டின் வாசலில், டைல்ஸ் தரையில், கடையில் வாங்கி ஒட்டிய கோலம். எறும்பு தின்னாது. யாரும் குனிய வேண்டாம். விடியற்காலையில் எழ வேண்டாம். வாட்ஸ்அப் சொல்லும் பயன்களில் ஒன்றும் அதில் கிடையாது. ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் விற்றுத் தீர்கிறது. காரணங்களையெல்லாம் உரித்துப் போட்டபின் கோலத்தில் எது மிஞ்சுகிறது என்று காட்ட இதைவிட நல்ல சோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் வைக்க முடியாது. வாசற்படி வெறுமையாக இருப்பது சகிக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே கோலம் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒட்டியவர்களைத் திட்ட மாட்டேன்.

கோலத்துக்குப் பின்னால் சொல்வதற்கு ஏதோ உள்ள ஒரு ஆள் இருக்கிறாள் என்பதைச் சமீப காலத்தில் சரியாகப் புரிந்துகொண்டது காவல்துறை ஒன்றுதான் என்று சில சமயம் நினைப்பேன். 2019 டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து முழக்கம் எழுதிச் சிலர் கோலம் போட்டார்கள். போட்டவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பிறகு விட்டது. மறுநாளே அரசியல் தலைவர்கள் வீட்டு வாசல்களில் அதே முழக்கத்தோடு கோலங்கள் முளைத்தன. அந்தச் சட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். அந்த வாரம் முழுக்க ஒருவர்கூட எறும்பைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வாசலில் போட்டது ஒரு பேச்சு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முழக்கம் எழுதாத நாட்களிலும் அது அப்படித்தான் இருக்கிறது.

அப்படியானால் "ஏன் கோலம் போடுகிறோம்?" என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? நல்லா இருக்குல்ல, அதான் என்று சொல்லுங்கள். நம்பவில்லை என்றால் ஒரு டப்பா மாவைக் கையில் கொடுங்கள். பெண்ணுக்கு மட்டும் என்று இல்லை, பையனுக்கும்; அவன் விரலில் மாவு நின்றுவிடாது. நேர்ப்புள்ளி ஐந்து வைக்கச் சொல்லுங்கள். முதல் இழை கயிறு மாதிரி தடித்து விழும், இரண்டாவது நடுவில் அறுந்துபோகும். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சம் வரும். காலால் அழித்துவிட்டு மறுபடியும் போடும். எதிர்வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அது என்னுதவிட நல்லாவே இல்ல" என்று சொல்லும். அதன்பிறகு அந்தப் பிள்ளை காரணம் கேட்டு வராது. புள்ளி எத்தனை வைக்கலாம் என்று கேட்டு வரும்.